கோ, வென்ட், கான் என்று ஒப்பித்துப் பயனில்லை: ஆங்கில வினைச்சொல்லின் நிகழ்காலம், இறந்தகாலம் கற்க ஆறு வார வழி

வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் ஸ்டாக் ரிப்போர்ட்டை நான்தான் எழுதி வைப்பேன். புதிதாக வந்த மேலாளர் ஒரு நாள் ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த ரிப்போர்ட்டை யார் எழுதுவது? நான் பெருமையாக, "ஐ வில் ரைட், சார்" என்றேன். அவர் சிரித்த முகத்தோடு, "குட். ஸ்டார்ட் டுமாரோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டு மாத உழைப்பு ஒரே ஒரு 'வில்'லில் காணாமல் போனது.

எனக்கு ரைட், ரோட், ரிட்டன் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று பத்தி அட்டவணையைத் தலைகீழாக ஒப்பித்தவன் நான். பிறகு காசு கட்டிச் சேர்ந்த பேச்சுப் பயிற்சி வகுப்பிலும் மூன்று மாதம் அதே அட்டவணைதான். ஆனால் மனதில் ஓடியது 'எழுதுவேன்'. அதற்கு எந்த ஆங்கில வடிவம் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் சுற்றி வளைத்துக் கற்றதை நீங்கள் நேர்வழியில் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒலிப்பு கேட்கக்கூடிய ஓர் அகராதி. அவ்வளவுதான். கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்டின் கற்போர் அகராதியும் இணையத்தில் இலவசம். சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால் பிரிட்டிஷ் உச்சரிப்பு, அமெரிக்க உச்சரிப்பு இரண்டையும் கேட்கலாம். வினைச்சொல் மாறும் விதமும் அங்கேயே இருக்கும். அச்சு அகராதிதான் பிடிக்கும் என்றால், கற்போர் அகராதிகள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் ஒழுங்கற்ற வினைகளின் பட்டியல் இருக்கும்; பழைய பதிப்பே போதும், இந்தப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை.

இதற்கென்று பணம் கட்டி வகுப்பில் சேராதீர்கள். பேசிப் பழக ஆள் வேண்டும் என்று சேர்வது வேறு. அட்டவணை ஒப்பிக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

நோட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். முதலாவது நிகழ்காலம், இரண்டாவது இறந்தகாலம். மூன்றாவதை ஆறு வாரத்துக்குக் காலியாகவே விடுங்கள். கான், சீன், டன் எல்லாம் அங்கே வர வேண்டியவை. இப்போதே சேர்த்துப் படித்தால் "ஐ சீன் ஹிம்" என்று வாயில் வந்துவிடும்.

இன்னொன்று. இந்தக் கட்டுரையில் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன். அது அடையாளம் காட்ட மட்டுமே. சரியான ஒலியை அகராதியில் கேட்டுவிட்டுத்தான் நோட்டில் ஏற்ற வேண்டும்.

2. தமிழில் நினைப்பது ஆங்கிலத்தில் எங்கே போய் விழும் என்று பாருங்கள்

முதல் வாரம் முழுக்க இதற்குத்தான். புதுச் சொல் ஒன்றுகூடப் படிக்க வேண்டாம். 'எழுது' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம்.

"நான் தினமும் எழுதுவேன்." தமிழில் இது எதிர்கால வடிவம், பொருளோ வழக்கம். ஆங்கிலத்தில் வழக்கத்துக்குச் சாதாரண நிகழ்காலம்: "ஐ ரைட் டெய்லி." இங்கே 'வில்' போட்டால் இனிமேல்தான் எழுதப்போகிறேன் என்று ஆகிவிடும். நான் விழுந்த குழி இதுதான். தமிழர்கள் பேசும் ஆங்கிலத்தில் நான் அதிகம் கேட்கும் பிழையும் இதுதான்.

"எழுதுகிறேன்." இதற்கு மூன்று முகம் உண்டு. இந்த நிமிடம் எழுதிக்கொண்டிருந்தால் "ஐ ஆம் ரைட்டிங்". வழக்கமாக எழுதுவதென்றால் "ஐ ரைட்". "சரி, நாளைக்கு எழுதுகிறேன்" என்று வாக்குக் கொடுத்தால் "ஐ வில் ரைட்". வாயைத் திறப்பதற்கு முன்னால் எந்த எழுதுகிறேன் என்று ஒரு கணம் யோசியுங்கள். முதல் பத்து நாள் இதனால் பேச்சு தடுமாறும், பரவாயில்லை.

"நேற்று எழுதினேன்", "நேற்றே எழுதிட்டேன்" இரண்டுக்கும் "ஐ ரோட்". நேற்று, போன வாரம், 2019-இல், இரண்டு நாளுக்கு முன்னால் என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் வந்துவிட்டால் 'ஹேவ்' சேர்க்கக் கூடாது. "ஐ ஹேவ் ரிட்டன் எஸ்டர்டே" தப்பு. நேரம் சொல்லாமல் "எழுதியிருக்கிறேன்" என்றால்தான் 'ஹேவ்'.

"சின்ன வயதில் கவிதை எழுதுவேன்." பழைய வழக்கம், இப்போது இல்லை. "ஐ யூஸ்ட் டு ரைட்." வெறும் "ஐ ரோட்" என்றாலும் புரியும். 'வில்' மட்டும் வேண்டாம்.

"எழுதமாட்டேன்" இன்னொரு பொறி. "நான் சிகரெட் பிடிக்கமாட்டேன்" என்று உங்கள் பழக்கத்தைச் சொன்னால் "ஐ டோன்ட் ஸ்மோக்". "ஐ வோன்ட் ஸ்மோக்" என்றால் இனிமேல் பிடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்கிறீர்கள். கேட்பவர் நீங்கள் நேற்றுவரை பிடித்தீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 'தெரியும்'. தமிழில் இது காலத்துக்கு அசையாத சொல். "இப்போது தெரியும்" என்கிறோம், "அப்பவே தெரியும்" என்கிறோம். ஆங்கிலத்தில் முதலாவது "ஐ நோ", இரண்டாவது "ஐ ந்யூ". "ஐ ஆம் நோயிங்" என்று ஒன்று கிடையாது. 'இருக்கிறது' என்ற பொருளில் வரும் ஹேவ், லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட் போன்றவையும் அப்படித்தான்: காய்ச்சல் இருக்கிறது என்றால் "ஐ ஹேவ் அ ஃபீவர்", "ஐ ஆம் ஹேவிங்" அல்ல.

3. நிகழ்காலம்: ஓர் எஸ்ஸில் இருக்கிறது

தமிழில் எழுதுகிறேன், எழுதுகிறாய், எழுதுகிறான், எழுதுகிறாள், எழுதுகிறது என்று ஒவ்வொரு ஆளுக்கும் விகுதி மாறும். ஆங்கிலத்தில் ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் மட்டும் கடைசியில் ஓர் எஸ். ஹீ ரைட்ஸ், ஷீ கம்ஸ், இட் ஒர்க்ஸ். இவ்வளவு எளிது என்பதாலேயே மறந்துபோகிறது.

தனியாக நினைவில் வைக்க வேண்டியவை நான்கே நான்கு: கோ – கோஸ், டூ – டஸ், ஹேவ் – ஹேஸ், சே – செஸ். கடைசி இரண்டில் தப்பு அதிகம். 'ஹேவ்ஸ்' கிடையாது. எழுத்தைப் பார்த்து 'சேய்ஸ்' என்று படிக்காதீர்கள்; 'செஸ்' என்றே சொல்லுங்கள். அதன் இறந்தகாலமும் 'செட்', 'செய்ட்' அல்ல.

'பீ' என்ற வினை மட்டும் யாருக்கும் கட்டுப்படாதது. நிகழ்காலத்தில் ஆம், இஸ், ஆர். இறந்தகாலத்தில் வாஸ், வேர். இறந்தகாலத்திலும் ஆளுக்கு ஆள் மாறும் ஒரே வினை இதுதான். 'யூ' ஒருவரைக் குறித்தாலும் பலரைக் குறித்தாலும் ஆர், வேர்தான்.

4. ஒழுங்கானவை: ஈ, டி சேர்த்தால் போதும், ஆனால் வாயில் மூன்று விதம்

பெரும்பாலான ஆங்கில வினைகளுக்கு இறந்தகாலம் என்றால் கடைசியில் ஈ, டி என்ற இரண்டு எழுத்து. அதற்குப் பிறகு ஆள் யாராக இருந்தாலும் வடிவம் மாறாது. ஐ வாக்ட், ஹீ வாக்ட், தே வாக்ட்.

சிக்கல் உச்சரிப்பில். எழுத்தில் ஈ இருக்கிறதே என்று 'வாக்கெட்', 'ஹெல்ப்பெட்' என்று சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அரை நொடி புரியாது. வினையின் கடைசி ஒலி ஏற்கெனவே டகரமாக இருந்தால் மட்டும் ஓர் அசை கூடும்: வான்ட் – வான்டட், நீட் – நீடட், விசிட் – விசிட்டட். மற்ற எதற்கும் அசை கூடாது. வாக், ஹெல்ப், வாஷ் எல்லாம் ஓரசை. வாக்ட், ஹெல்ப்ட், வாஷ்ட் என்பவையும் ஓரசைதான். இவற்றில் கடைசி ஒலி வல்லோசை. கால்ட், ஸ்டேய்ட், ஓப்பன்ட் ஆகியவற்றில் அது மென்மையாக, தொண்டை அதிர வரும். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு வினையின் கடைசி ஒலியைச் சொல்லிப் பாருங்கள். அதிர்ந்தால் மென்மை, அதிராவிட்டால் வல்லோசை.

எழுத்துக்கூட்டலில் இரண்டு இடம் மட்டும் கவனியுங்கள். 'ஸ்டடி' மாதிரி மெய்யெழுத்துக்குப் பிறகு ஒய் வந்தால் அந்த ஒய் போய் ஐ வரும். 'ப்ளே' மாதிரி உயிரெழுத்துக்குப் பிறகு வந்தால் ஒய் அப்படியே நிற்கும். 'ஸ்டாப்', 'ப்ளேன்' என்ற திட்டமிடும் வினை போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும்; 'விசிட்', 'ஓப்பன்' போன்றவற்றில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் இரட்டிக்காது.

5. ஒழுங்கற்றவை: குடும்பம் குடும்பமாகப் பிடியுங்கள்

அகராதிப் பட்டியலில் இருநூறு அளவுக்கு இருக்கும். பயப்படாதீர்கள், தினப் பேச்சுக்கு அறுபது போதும். ஆனால் அந்த அறுபதைத் தள்ளிப்போட முடியாது. பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் என்று ஆங்கிலத்தில் வாய்க்கு வாய் புழங்கும் வினைகள் அத்தனையும் ஒழுங்கற்றவை.

இதற்காக ஆங்கிலத்தைத் திட்டுவதற்கு முன்னால் நம் வாயைப் பாருங்கள். படித்தேன், உண்டேன், விற்றேன், ஓடினேன். த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை வைத்திருக்கிறோம். 'ஓடித்தேன்' என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சில மாதம்தான் சொல்லும்; பிறகு காதே திருத்திவிடும். ஆங்கிலத்துக்கும் காதைத்தான் பழக்க வேண்டும். அகர வரிசைப் பட்டியலில் பை, கேட்ச் என்று தூரத் தூரமாக இருப்பவற்றை ஓசை ஒத்தவையாக அள்ளிச் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

மாறாத குடும்பம். கட், புட், ஹிட், ஷட், லெட், ஹர்ட், காஸ்ட். நேற்றும் கட், இன்றும் கட். "ஹீ கட்ஸ்" என்றால் நிகழ்காலம், எஸ் இல்லாமல் "ஹீ கட்" என்றால் இறந்தகாலம். மூன்றாம் பாடத்து எஸ்ஸை விட்டால் கேட்பவர் காலத்தையே மாற்றிப் புரிந்துகொள்வார் என்பது இங்கே தெரியும். 'ரீட்' இந்தக் குடும்பத்தின் வேடதாரி. எழுத்து மாறாது, உச்சரிப்பு மட்டும் சிவப்பு நிறத்தின் ஆங்கிலப் பெயரைப் போல 'ரெட்' ஆகிவிடும்.

ஆட் குடும்பம். பை – பாட், பிரிங் – பிராட், திங்க் – தாட், ஃபைட் – ஃபாட், கேட்ச் – காட், டீச் – டாட். வாங்கினேன், கொண்டுவந்தேன் இரண்டும் குழம்பும். பிரிங்கில் ரகரம் உண்டு, பிராட்டிலும் உண்டு. பையில் இல்லை, பாட்டிலும் இல்லை. நான் இரண்டு வருடம் குழம்பியது இந்த ஒரு வரியில் தீர்ந்தது.

இகரம் ஏகாரமாகும் குடும்பம். சிங் – சேங், ரிங் – ரேங், டிரிங்க் – டிரேங்க், ஸ்விம் – ஸ்வேம், பிகின் – பிகேன், சிட் – சேட். ஓசை ஒத்து வருகிறதே என்று பிரிங்கையும் திங்க்கையும் இதற்குள் இழுக்காதீர்கள். அவை ஏற்கெனவே ஆட் குடும்பத்துக்கு வாக்கப்பட்டவை.

ஓ போய் ஊ வரும் குடும்பம். நோ – ந்யூ, க்ரோ – க்ரூ, த்ரோ – த்ரூ, ப்ளோ – ப்ளூ. கூடவே ஃப்ளை – ஃப்ளூ, டிரா – ட்ரூ. வாசலிலேயே நிறுத்த வேண்டியவை ஷோ, ஃப்ளோ: அவை ஒழுங்காக ஷோட், ஃப்ளோட் என்று மாறும்.

ஈகாரம் குறுகும் குடும்பம். கீப் – கெப்ட், ஸ்லீப் – ஸ்லெப்ட், ஃபீல் – ஃபெல்ட், லீவ் – லெஃப்ட், மீட் – மெட். நீட் இதில் சேராது.

ஓகாரம் பெறும் குடும்பம். ஸ்பீக் – ஸ்போக், பிரேக் – ப்ரோக், ரைட் – ரோட், டிரைவ் – டிரோவ், சூஸ் – சோஸ், டெல் – டோல்ட், செல் – சோல்ட்.

அனுப்பு, செலவழி, கட்டு என்று பொருள்படும் மூன்று ஆங்கில வினைகளில் கடைசி டி என்ற எழுத்து மட்டும் டீ என்ற எழுத்தாக இறுகும். தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசத்தைக் காட்டவே முடியாது. அகராதியைத் திறந்து செண்ட், ஸ்பெண்ட், பில்ட் மூன்றையும் இரண்டு காலத்திலும் கேட்டுவிடுங்கள்.

எந்தக் குடும்பத்திலும் சேராத தனியாட்களும் உண்டு. கோ – வென்ட், கம் – கேம், சீ – ஸா, டேக் – டுக், ஸ்டாண்ட் – ஸ்டுட், கிவ் – கேவ், கெட் – காட், மேக் – மேட், ஹேவ் – ஹேட், டூ – டிட், லூஸ் – லாஸ்ட், வின் – வன், ஃபைண்ட் – ஃபவுண்ட், ஹியர் – ஹெர்ட். இவற்றுக்கு குறுக்குவழி இல்லை. ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் நிஜமாக நடந்த ஒரு வாக்கியம் எழுதுங்கள். "ஐ லாஸ்ட் மை கீ" என்று எழுதும்போது சாவி தொலைந்த நாள் கண்முன் வந்தால் லாஸ்ட் மறக்காது.

6. டிட் வந்த இடத்தில் வென்ட் வராது

பட்டியலை நன்றாகப் படித்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வென்ட் என்று அருமையாகக் கற்றுக்கொண்டு, "ஐ டிட்ன்ட் வென்ட்" என்று கொண்டுபோய் வைக்கிறோம்.

தமிழில் 'போனேன்' என்பதை மறுத்தால் 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாராவது சொல்வோமா? ஆங்கிலமும் அதே மாதிரிதான்: டிட் வந்தவுடன் பின்னால் வரும் வினை தன் பழைய வேடத்தைக் கழற்றிவிடும். "ஐ டிட்ன்ட் கோ." "டிட் யூ ஸீ?" "வேர் டிட் ஹீ கோ?" இனி வாயில் 'டிட்ன்ட் வென்ட்' வரும்போதெல்லாம் காதில் 'போனவில்லை' என்று கேட்கட்டும். எனக்கு ஒரு வாரத்தில் அந்தப் பிழை விட்டுப்போனது இப்படித்தான்.

நிகழ்காலத்திலும் இதே கணக்கு. 'டஸ்' எஸ்ஸை வாங்கிக்கொண்டுவிட்டால் பின்னால் வரும் வினைக்கு எஸ் இல்லை. "ஹீ டஸ்ன்ட் கோ" சரி, "ஹீ டஸ்ன்ட் கோஸ்" தப்பு.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. தமிழில் 'போகவில்லை' இன்றைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் எது என்று முடிவு செய்தாக வேண்டும்: முடிந்துபோனது "டிட்ன்ட் கோ", இப்போது போகவில்லை என்றால் "ஆம் நாட் கோயிங்".

டு, குட், மஸ்ட், கேன் ஆகியவற்றுக்குப் பின்னாலும் இறந்தகால வடிவம் வராது. "ஐ வான்டட் டு கோ", அதாவது 'போக விரும்பினேன்'. 'போன விரும்பினேன்' இல்லை அல்லவா? "ஐ வாஸ் வென்ட்" என்பதும் கிடையாது; போனேன் என்றால் "ஐ வென்ட்", போய்க்கொண்டிருந்தேன் என்றால் "ஐ வாஸ் கோயிங்".

டிட் தேவைப்படாத கேள்வியும் உண்டு. செய்தவர் யார் என்றே கேட்டால் வினை நேராக வரும்: "ஹூ கேம்?", "வாட் ஹேப்பன்ட்?"

7. ஜோடி போட்டு ஏமாற்றுபவை

ஃபீல் என்பதன் இறந்தகாலம் ஃபெல்ட், ஃபால் என்பதன் இறந்தகாலம் ஃபெல். "ஐ ஃபெல் ஸேட்" என்றால் சோகமாகக் கீழே விழுந்தீர்கள் என்று பொருள்.

ஃபைண்ட் இறந்தகாலத்தில் ஃபவுண்ட். நிறுவுதல் என்ற பொருளில் ஃபவுண்ட் என்றே தனியாக ஒரு வினை உண்டு. அதன் இறந்தகாலம் ஃபவுண்டட்.

படுத்துக்கொள்ளும் லை, இறந்தகாலத்தில் லே. கீழே வைக்கும் லே, இறந்தகாலத்தில் லெய்ட். பொய் சொல்லும் லை, இறந்தகாலத்தில் லைட். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் தடுமாறுவார்கள். ஆரம்பத்தில் வைத்தேன் என்பதற்கு புட், படுத்தேன் என்பதற்கு "வென்ட் டு பெட்" என்று சொல்லித் தப்பித்துவிடுங்கள்.

ஈட் என்பதன் இறந்தகாலம் பிரிட்டிஷார் பலரிடம் 'எட்', அமெரிக்கர்களிடம் 'எய்ட்'. லேர்ன், பர்ன் இரண்டுக்கும் கடைசியில் டீ என்ற எழுத்தும் போடலாம், ஈ, டியும் போடலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

8. எத்தனை நாள், எவ்வளவு நேரம்

தினமும் பதினைந்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்ற கணக்கு எனக்குப் பலிக்கவில்லை.

முதல் வாரம் இரண்டாம் பாடம் மட்டும். இரண்டாம் வாரம் எஸ்ஸும், ஈ டியும். மூன்றாம் வாரம் டிட்; ஒழுங்கற்றவை அதிகம் சேர்வதற்கு முன்னாலேயே இதைப் பழகிவிடுங்கள், பிறகு திருத்துவது கடினம். நான்காம், ஐந்தாம் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒரு குடும்பம். ஆறாம் வாரம் தனியாட்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்தே தினம் இரவு அன்று நடந்ததை ஐந்து வரி எழுதுங்கள். வாரம் ஒருமுறை, நேற்று என்ன செய்தீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசி செல்போனில் பதிவு செய்து, மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றிரவே கேட்டால் பிழை காதில் விழாது. என் முதல் பதிவில் பதினொரு பிழை. அதில் ஏழு டிட்டுக்குப் பின்னால் வந்தவை. எந்த வகைப் பிழை அதிகமோ, அடுத்த வாரத்தின் முதல் இரண்டு நாள் அதற்குத்தான்.

ஆறு வாரம் முடிந்ததும் காலியாக விட்ட மூன்றாம் பத்தியைத் திறக்கலாம். கான், கம், டன், சீன் நான்கையும் முதலில் ஏற்றுங்கள். தனியாக எழுதாமல் 'ஹேவ் கான்', 'ஹேவ் சீன்' என்று ஹேவ் சேர்த்தே எழுதுங்கள்.